பதினேழாம் தெருவில் ஒரு வகுப்பறை

சென்ற வாரம் வாக்னரோடு நிறுத்தியிருந்தோம். நூறு பேர் கொண்ட வாத்தியக்குழு, மணிக்கணக்கில் முடியாத இசைநாடகம், எந்தச் சுருதியில் நிற்கிறோம் என்றே பிடிபடாத ஒத்திசைவு. இதற்கு மேல் எங்கே போவது என்று ஐரோப்பா யோசித்துக்கொண்டிருந்தபோது, 1892 செப்டம்பரில், செக் இசையமைப்பாளர் அந்தோனின் துவோர்ஷாக் நியூயார்க்கில் வந்து இறங்கினார்.

கிழக்குப் பதினேழாம் தெருவில் ஜேனட் தர்பர் என்ற சீமாட்டி நடத்திவந்த தேசிய இசைப்பள்ளிக்கு அவர் இயக்குநர். ஆண்டுச் சம்பளம் 15,000 டாலர். அந்தத் தொகையைவிட எனக்கு வியப்பாக இருப்பது பள்ளியின் சேர்க்கைமுறை. கறுப்பின மாணவர்களுக்கு அங்கே கதவு திறந்திருந்தது. அதே 1892இல்தான் நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையருக்கான ரயில்பெட்டியில் உட்கார்ந்த குற்றத்துக்காக ஹோமர் பிளெசி கைதானார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அங்கே படித்தவர்களில் ஒருவர் ஹாரி பர்லே. அவருடைய தாத்தா அடிமையாக இருந்து மீண்டவர், கண்பார்வை இழந்தவர். தாத்தாவிடம் கேட்டுக் கற்ற பக்திப் பாடல்களைப் பர்லே பாட, துவோர்ஷாக் திரும்பத் திரும்பக் கேட்டார். 1893 மே மாதம் நியூயார்க் ஹெரால்டு பத்திரிகையில், அமெரிக்க இசையின் வருங்காலம் கறுப்பின மக்களின் மெட்டுகளில்தான் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். பெரிய சர்ச்சை எழுந்தது. டிசம்பரில் கார்னகி அரங்கில் அவருடைய ‘புதிய உலகிலிருந்து’ சிம்பொனி அரங்கேறியது. நடத்தியவர் வாக்னரிடமே உதவியாளராக இருந்த ஆன்டன் சைடல்.

அதன் இரண்டாம் பகுதியில் ‘இங்கிலிஷ் ஹார்ன்’ என்ற குழல் வாசிக்கும் மெட்டின் எடுப்பு நம் காதுக்கு மோகனமாகவே படும். பலர் அதைப் பழைய அடிமைப்பாடல் என்றே நம்புகிறார்கள். உண்மையில் மெட்டு துவோர்ஷாக்குடையது. 1922இல் அவருடைய மாணவர் ஒருவர் அதற்குச் சொற்கள் எழுதிப் பாட்டாக்கினார்.

துவோர்ஷாக்கை ஜாஸின் தந்தை என்று நான் சொல்ல வரவில்லை. 1895இல் அவர் ஊர் திரும்பிவிட்டார். ஆனால் அந்த வகுப்பறையில் வில் மரியன் குக் என்ற இளைஞரும் இருந்தார். பெர்லினில் வயலின் பயின்றவர். ஒரு விமர்சகர் அவரைத் தலைசிறந்த ‘நீக்ரோ’ வயலின் கலைஞர் என்று எழுதியதாகவும், ‘உலகிலேயே’ என்று எழுதாததற்காக அந்த ஆள் முன்னாலேயே குக் வயலினை உடைத்தெறிந்ததாகவும் ஒரு கதை உலவுகிறது. கதையோ நிஜமோ, அவர் கச்சேரி மேடையை விட்டது உண்மை. 1898இல் பிராட்வேயில் ‘க்ளோரிண்டி’ என்ற இசைநாடகத்தை மேடையேற்றினார். அடி விழவேண்டிய இடத்தில் விழாமல் சற்று முன்பின்னாக விழும் ராக்டைம் தாளம், முழுக் கறுப்பினக் குழுவோடு பிராட்வேக்கு வந்தது அப்படித்தான்.

1920களில் டியூக் எலிங்டன் என்ற இளம் பியானோ கலைஞர் குக்கிடம் பாடம் கேட்டார். பள்ளியில் அல்ல, நியூயார்க் டாக்ஸியில். ஒரு மெட்டை வளர்க்க எல்லோரும் போகும் வழி எது என்று முதலில் கண்டுபிடி, கண்டதும் அதை விட்டு விலகு என்பது குக்கின் உபதேசம். எலிங்டனின் ஒத்திசைவுகளைக் கேட்டவர்களுக்கு அவர் அதை எவ்வளவு சிரத்தையாகப் பின்பற்றினார் என்று தெரியும்.

ஆனால் வகுப்பறை கொடுத்தது பாதிதான். 1919இல் குக் தன் குழுவோடு லண்டன் போனபோது, சிகாகோவில் கேட்டு மயங்கிய ஒரு கிளாரினெட் கலைஞரையும் அழைத்துப்போனார். பெயர் சிட்னி பெஷே. இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாதவர். ஸ்ட்ராவின்ஸ்கியின் படைப்புகளை நடத்திவந்த சுவிஸ் நடத்துனர் எர்னெஸ்ட் ஆன்செர்மே அந்தக் கச்சேரிகளைக் கேட்டார். பெஷேயை மேதை என்றும், நாளை உலகமே இந்தப் பாதையில் வரக்கூடும் என்றும் எழுதினார்.

பெஷே பிறந்த ஊர் நியூ ஆர்லியன்ஸ். பிளெசி கைதான அதே ஊர். அடுத்த வாரம் அங்கே போவோம்.

(தொடரும்)