காப்புறுதி வழக்கில் தோற்ற பின் மறுஆய்வு கேட்கலாமா?

மெர்போக் – காப்புறுதிப் பணத்துக்காகக் கூட்டரசு நீதிமன்றம் வரை சென்று தோற்றவருக்கு மிஞ்சுவது ஒரே வழிதான். அது 1995ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்ற விதிமுறைகளின் 137ஆவது விதி. அநீதியைத் தடுக்க, அந்நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மறுஆய்வு செய்ய அவ்விதி இடமளிக்கிறது. ஆனால், அது எளிதில் கிடைத்துவிடாது.

தீ விபத்து இழப்பீடு தொடர்பாக ஆசியான் செக்யூரிட்டி பேப்பர் மில்ஸ் நிறுவனம், மிட்சுய் சுமித்தோமோ காப்புறுதி நிறுவனத்துக்கு எதிராகக் கேட்ட மறுஆய்வு 2008இல் நிராகரிக்கப்பட்டது. போதிய நீதிபதிகள் அமராதது, ஒரு தரப்பின் வாதம் கேட்கப்படாதது, மோசடி, முக்கிய ஆதாரத்தை மறைத்தது, பாரபட்சம் போன்ற காரணங்கள் வேண்டும் என்று நீதிமன்றம் அப்போது விளக்கியது. 'தீர்ப்பு தவறு' என்று சொன்னால் மட்டும் போதாது. மறுஆய்வு இன்னொரு மேல்முறையீடு அல்ல.

சாதாரணக் குடும்பங்கள் அவ்வளவு தூரம் அலையத் தேவையில்லை. காப்புறுதி நிறுவனம் இறுதி முடிவைத் தெரிவித்த ஆறு மாதத்துக்குள், எஃப்.எம்.ஓ.எஸ். எனப்படும் நிதிச் சந்தை குறைதீர்ப்புச் சேவையிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். 250,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். முதலிலேயே நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுவிட்டால் அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். நிராகரிப்புக் கடிதம் கைக்கு வந்ததும் முதலில் அதன் தேதியைப் பாருங்கள்.