வெள்ளைப் புடவை உடுத்திய குரல்

மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் போகிறவர்கள் எங்கள் வடக்குத்திலிருந்து விடிவதற்கு முன்பே புறப்பட்டுவிடுவார்கள். வடலூரில் வண்டி மாறி, சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் போனால் வெயில் ஏறுவதற்குள் கோபுரம் கண்ணில் படும். இவ்வளவு சுலபமாக நாம் போய்ச் சேருகிற ஊருக்குத்தான், நாளைக்குப் போவேன் என்று சொல்லிச் சொல்லியே 'திருநாளைப்போவார்' என்று பெயர் வாங்கினார் நந்தனார். 1935-ம் வருஷத்து டாக்கியில் அந்த நந்தனாராக வேஷம் தரித்தவர் ஓர் ஆண் அல்ல. முப்பது வயதுகூட நிரம்பாத ஒரு விதவை. அவர்தாம் ஸ்ரீமதி கே. பி. சுந்தராம்பாள்.

பெண்மணி ஒருவர் ஆண் வேஷம் பூணுவது நமது நாடக மேடைக்குப் புதிதல்ல. ஆனால் இந்த வேஷத்துக்குப் பின்னே ஒரு சபதம் இருந்தது. அதைச் சொல்லுமுன் கொஞ்சம் பழங்கதை சொல்ல வேண்டும்.

காவேரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908-ம் வருஷம் பிறந்தார் அம்மையார். குடும்பத்தில் வறுமை. ரயில் வண்டியில் அந்தச் சிறு பெண் பாடிக்கொண்டு போனதைக் கேட்டு, ரயில்வே உத்தியோகஸ்தரும் நாடகப் பித்தருமான எப். ஜி. நடேசய்யர் அவரை நாடகத்துக்குக் கொண்டு சேர்த்தார் என்று சொல்வார்கள். வேலு நாயர் கம்பெனியில் பாலபார்ட் கட்டிப் பழகினார். ஒலிபெருக்கி என்பதையே மேடை அறியாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதிலும் சொல் தெளிவாக விழ வேண்டும். விழாவிட்டால் அவன் சும்மா இருக்கமாட்டான். பிற்காலத்தில் நாம் வியந்த அந்தக் கணீரென்ற உச்சரிப்பு இந்தப் பள்ளிக்கூடத்தில் கற்றது.

1926-ல் இலங்கைக்குப் போனார். அங்கேதான் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து நடிக்கும்படி நேர்ந்தது. கிட்டப்பாவின் சங்கீதத்துக்கு முன் யாரும் நிற்க முடியாது என்று பேச்சு. இவர் நின்றார். போட்டியாக ஆரம்பித்தது அன்பாக முடிந்து, 1927-ல் விவாகமும் நடந்தது. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி உண்டு. பிறகு நடந்தவை சுகமான சமாசாரங்கள் அல்ல: பிரிவு, மனஸ்தாபம், பிறந்து சில நாள்கூடத் தங்காத குழந்தை, கண்ணீரோடு எழுதிய கடிதங்கள். 1933-ம் வருஷம் டிசம்பர் 2-ந் தேதி கிட்டப்பா காலமானார். அவருக்கு வயது 27, அம்மையாருக்கு 25.

அன்று உடுத்திய வெள்ளைப் புடவையை அவர் கடைசி வரையில் மாற்றவில்லை. இனி எந்த ஆண் நடிகருடனும் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்றும் தீர்மானித்துக் கொண்டார். இதைப் பதிவிரதா தர்மம் என்று புகழ்ந்து எழுதியவர்கள் ஏராளம். நமக்கு அந்தப் புகழ்ச்சியில் அவ்வளவு உற்சாகம் இல்லை. மனைவியை இழந்த எந்த நடிகரையும் ராஜபார்ட் வேஷத்தைக் கைவிடும்படி ஊரார் எதிர்பார்த்ததில்லையே! இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி மூலையில் ஒடுங்குவதற்காக ஊர் ஏற்படுத்தி வைத்த உடையை, ராஜ சபைக்குப் போகும் உடையாக அவர் மாற்றிக் கொண்டாரே, அதுதான் ஆச்சரியம்.

நெடுநாள் அவர் மேடை ஏறவில்லை. அப்போது அஸன்தாஸ் என்ற முதலாளி 'நந்தனார்' படம் எடுக்க வந்தார். இவரைத் தட்டிக் கழிப்பதற்காகவே அம்மையார் ஒரு லக்ஷ ரூபாய் கேட்டார் என்பது கதை. முதலாளி சரி என்று சொல்லிவிட்டார்! தென்னாட்டு ஸினிமா உலகம் அதுவரை கேட்டறியாத தொகை. நந்தன் வேஷமாகையால் ஜோடி என்ற பேச்சுக்கே இடமில்லை, சபதமும் பழுதுபடவில்லை. வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். படம் வெளிவந்ததும் 'ஆனந்த விகட'னில் கல்கி எழுதிய விமரிசனம் பிரஸித்தமானது. பனைமரத்துக்கும் கால்நடைகளுக்கும்தான் அவர் நடிப்பில் நல்ல மார்க் கொடுத்தார். அது ஒரேயடியாக அநியாயம் என்று சொல்ல முடியாது. மேடையில் பழகியவர்கள் காமிராவுக்கு முன்னே அசையாமல் நின்று பாடிய காலம் அது.

தேசத் தொண்டிலும் அந்தக் குரல் சும்மா இருக்கவில்லை. தீரர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரஸ் மேடைகளில் ஏறிப் பாடினார், கதர் உடுத்தினார், காந்தியடிகளைப் பற்றி அவர் பாடிய கிராமபோன் இசைத்தட்டுகள் வீடு வீடாகப் போயின. பிரசங்கத்துக்கு வராத கூட்டம் பாட்டுக்கு வந்தது. வந்த கூட்டம் பிரசங்கத்தையும் கேட்டுவிட்டுப் போயிற்று. 1951-ல் அவர் சென்னை மேல்சபை அங்கத்தினரானார். கூத்தாடி என்று ஏளனம் செய்யப்பட்ட வகுப்பிலிருந்து, அதிலும் ஒரு பெண், சட்டசபையில் ஆசனம் பெற்றது அற்ப விஷயமா?

'மணிமேகலை' 1940-ல் வந்தது. ஜெமினி வாஸனின் 'ஔவையார்' 1953-ல். துறவி, கிழவி, பக்தை என்று காதல் துறையைச் சேராத வேஷங்களாகவே அவருக்கு அமைந்தன. கதாநாயகி என்றால் காதலி என்று கணக்குப் போட்டிருந்த ஸினிமாவில், ஒரு கிழவியைக் காண ஜனங்கள் முண்டியடித்துக் கொண்டு டிக்கெட் வாங்கினார்கள்.

அவருடைய பிடிவாதத்துக்கு ஒரு சிறு உதாரணம். 1964-ல் வெளிவந்த 'பூம்புகா'ரில் அவர் கவுந்தியடிகள். வசனம் எழுதியவர் பகுத்தறிவுக் கட்சிக்காரரான மு. கருணாநிதி. கடவுள் எங்கே போய்விட்டார் என்று கேட்கும்படியாக ஒரு பாட்டு வரி வந்தது. நெற்றி நிறைய நீறு பூசும் அம்மையார் அதைப் பாட மறுத்துவிட்டார். வரியை மாற்றிக் கொடுத்த பிறகே பாடினார் என்பார்கள். அரசியலில் எதிர்க் கட்சி. வழிபாட்டில் எதிர்க் கட்சி. ஆனாலும் அந்த வேஷத்துக்கு வேறு ஆள் கிடையாது என்று ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது. தம்முடைய பேனாவை விட்டுக் கொடுத்தாரே, அவரையும் மெச்சத்தான் வேண்டும்.

'துணைவன்' படத்தில் பாடியதற்காக 1969-ம் வருஷத்துக்குரிய தேசீய விருதும், 1970-ல் பத்மஸ்ரீயும் வந்தன. அவர் காலமானது 1980-ல்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் கோயில் திருவிழா என்றால் விடியற்காலையில் ஒலிபெருக்கியில் முதலில் எழும்புவது இன்னும் அவர் குரல்தான். 1965-ம் வருஷத்துத் 'திருவிளையாட'லில், பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறிய பிள்ளையை ஔவையாக நின்று அழைக்கும் பாட்டு அது. அப்போது அம்மையாருக்கு வயது ஐம்பத்தேழை நெருங்கியிருந்தது. சென்ற ஆடியில் ஒலிபெருக்கி கட்ட வந்த பையனிடம், "பாடுகிறது யார் தம்பி?" என்று கேட்டேன். "ஔவையார்" என்றான். நான் திருத்தவில்லை.