மஞ்சட் காகிதத்தால் மீனின் பழுதையறிதல்

மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பைச் சேர்த்தால் அது செந்நிறமாவதை ஆரத்தி எடுக்கும் இல்லங்களில் யாவரும் கண்டிருப்பர். மஞ்சட் கறை படிந்த வேஷ்டியில் சவுக்காரம் பட்டதும் கறை சிவப்பது இதே காரணத்தாலாகும். மஞ்சளிலுள்ள குர்க்குமின் என்னும் நிறப்பொருள் காரம் பட்டால் செம்பழுப்பாகும். புளிப்புப் பட்டால் மாறுவதில்லை. அடுக்களையில் அறிந்த இவ்வுண்மையைக் கொண்டே, மீன், இறைச்சி முதலியவற்றின் பழுதை உறையைப் பிரிக்காமலே அறியும் வழிகளை ஆராய்ச்சிச் சாலைகளில் இக்காலத்தில் சோதித்து வருகின்றனர்.

மீன் இறந்தபின் அதன் உடலிற் பெருகும் நுண்கிருமிகள் புரதத்தைச் சிதைத்து அம்மோனியா முதலிய ஆவிகளை உண்டாக்குகின்றன. கடல்மீனில் டிரைமெத்தில் அமீன் என்பதும் சேரும். மீன் நாற்றமென்று நாம் சொல்வது பெரும்பாலும் அதுவே. இவ்வாவிகள் காரத்தன்மையுடையனவாதலால், ஈரமான மஞ்சட் காகிதத்தில் போதிய அளவு படின் அதன் நிறம் செம்பழுப்பாகத் திரும்பும்.

காகிதம் செய்வது எளிது. மஞ்சள் நீரில் நன்கு கரையாது. ஆகையால் பொடியை மருந்துக் கடை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, தெளிவை இறுத்து, அதில் வெள்ளை மையொற்றுத் தாளைத் தோய்த்து நிழலில் உலர்த்த வேண்டும். கடைப்பொடியில் வேறு சாயம் கலந்திருக்கக்கூடும். சொந்த விளைச்சல் மஞ்சளை அரைத்துக்கொள்வதே நலம். வெயிலில் நிறம் வெளுக்குமாதலால் காகிதங்களை மூடிய டப்பியில் வைக்கவும். வேண்டும்போது ஒன்றை நல்ல நீரில் நனைத்து, மீன்மேற் படாதபடி பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டலாம். ஒப்பிட்டுப் பார்க்க மற்றொன்றை வெறும் பெட்டியில் வைத்தல் அவசியம். மீன்பாசிக் குத்தகை எடுத்து, ஏரிமீனைத் தொலைவிலுள்ள சந்தைக்கு அனுப்புவோருக்கு, முதலிற் பிரித்துப் பார்க்க வேண்டிய பெட்டி எதுவென்று இது காட்டும்.

எனினும், சந்தையில் வழக்கு நேரும்போது கிராம அதிகாரிகள் இக்காகிதத்தை மட்டும் சாட்சியாகக் கொள்ளலாகாது. சுறாவிலும் திருக்கையிலும் இயல்பாகவே யூரியா மிகுதியாதலால் அவை விரைவில் அம்மோனியா வீசும். சூரை, கானாங்கெளுத்தி ஆகியவை வெப்பத்திற் கிடந்தால் உண்டாகும் ஹிஸ்டமின் என்னும் நஞ்சோ எளிதில் ஆவியாவதில்லை. காகிதம் அதைக் காட்டாது. இவற்றினும் மோசமானது வஞ்சகம். 2018ஆம் ஆண்டு கேரளத்தில் பார்மலின் கலந்த மீன் பெருமளவிற் பிடிபட்டது. பிணத்தைக் கெடாமல் வைக்கும் அம்மருந்து கிருமிகளை அடக்குவதுடன் அம்மோனியாவையும் பிணித்துவிடுமாதலால், அத்தகைய மீனின்மேல் காகிதம் மஞ்சளாகவே நிற்கக்கூடும். செவுளின் செம்மை, கண்ணின் தெளிவு, விரலால் அழுத்திய சதை மீண்டெழுதல் ஆகியவற்றையும் உடன் பார்க்க வேண்டும். பார்மலின் ஐயமிருப்பின் உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு எழுதுக.

பால் வைத்திருப்போர் இம்முறை தமக்கும் உதவுமோவென வினவலாம். பால் கெடும்போது புளிக்கிறது; மஞ்சள் அதற்குப் பயன்படாது. சங்குப்பூவின் நீலம் புளிப்பில் ஊதாவாகுமெனினும், அம்மாற்றம் தெளிவாகத் தெரிவதற்குள் பால் திரிந்தே போய்விடும். சிவப்பு முட்டைக்கோசுச் சாறு சற்று முன்னதாக நிறம் மாறும். ஆனால் கறந்த பாலில் ஒரு கரண்டியைக் காய்ச்சித் திரிகிறதா என்று பார்க்கும் பழைய வழி அதனினும் விரைவானது; செலவுமில்லை.