பேசினால் மீன் ஓடிவிடுமா?

"டேய், பேசாம உக்காரு! மீனு ஓடிப்போயிடும்."

கொள்ளிடக் கரையில் தூண்டில் போட்ட எந்தப் பிள்ளையும் இந்த அதட்டலுக்குத் தப்பியிருக்க முடியாது. கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் வீடு என்றால் சொல்லவே வேண்டாம். தெற்கே போனால் அணைக்கரை. 1830-களில் ஆர்தர் காட்டன் காலத்தில் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய கீழணை அங்கேதான் இருக்கிறது. ஊருக்குப் பக்கத்திலேயே பொன்னேரி. கங்கை வரை படை நடத்தி வென்ற ராஜேந்திர சோழன் வெட்டிய ஏரி அது, அன்றைய பெயர் சோழகங்கம். லீவு விட்டால் தூக்குவாளியில் புளிச்சோறு, கொட்டாங்குச்சியில் ஈர மண்ணோடு மண்புழு, தோளில் மூங்கில் கம்பு, ராத்திரி தங்க யாராவது தெரிந்தவர் தோப்பில் மோட்டார் கொட்டகை. இவ்வளவும் தயார் செய்துகொண்டு போய் உட்கார்ந்தால், வாயைத் திறக்கக் கூடாதாம்!

நாம் பேசுவது மீனுக்குக் கேட்குமா? மீனுக்குக் காதே வெளியில் தெரியவில்லையே?

முதலில் ஒலியைப் பார்ப்போம். காற்றில் ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். தண்ணீரில் ஏறக்குறைய 1,500 மீட்டர், அதாவது நாலு மடங்குக்கும் மேல். ஆனால் காற்றில் பிறந்த ஒலி தண்ணீருக்குள் நுழைவது சுலபமல்ல. உங்கள் பேச்சு நீர்ப்பரப்பில் மோதியதும் பெரும்பாலும் மேலேயே திரும்பிவிடுகிறது. அதன் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும்.

காலை 'தொம் தொம்' என்று வைத்து நடந்தால் கதையே வேறு. அந்த அதிர்வு காற்றில் கிளம்புவதில்லை. கரை மண்ணில் கிளம்பி, மண் வழியாகவே தண்ணீருக்குள் போய்விடுகிறது. கூழாங்கல்லை எறிவது, படித்துறையில் குதிப்பது, பரிசலின் அடித்தட்டில் வாளியை இடிப்பது எல்லாம் இதே கணக்கில் சேரும். ஆக, மீன் பிடிக்கிற இடத்தில் உங்கள் வாயைவிட உங்கள் காலுக்குத்தான் அதிகம் அதட்டல் விழுந்திருக்க வேண்டும்.

அதற்காக, மீனுக்குப் பேச்சே கேட்காது என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு காலத்தில் பெரிய பெரிய விஞ்ஞானிகளே மீனுக்குச் செவி கேட்காது என்றுதான் நினைத்தார்கள். கார்ல் ஃபான் ஃபிரிஷ் என்பவர் இதைச் சோதித்துப் பார்த்தார். தேனீக்களின் நடனத்துக்குப் பொருள் கண்டுபிடித்து 1973-இல் நோபல் பரிசு பெற்றவர் இவரே. தொட்டியில் பார்வையற்ற கெளுத்தி ஒன்றை வளர்த்தார். இரை போடும்போதெல்லாம் சீட்டி அடித்தார். சில நாளில், இரை போடாமல் வெறும் சீட்டி அடித்தாலும் அது பதுங்கிய இடத்தை விட்டு வெளியே வந்தது. கண் தெரியாத மீன் வேறு எதை வைத்து வந்திருக்கும்? சீட்டி அடித்தால் வரும் கெளுத்தி என்றே தலைப்பு வைத்து 1923-இல் அவர் கட்டுரை எழுதினார்.

ஆயிரத்தில் ஒரு பங்கு ஒலி அந்தக் கெளுத்திக்கு எப்படிப் போதுமானதாக இருந்தது? மீனின் உள்காது தலைக்குள் இருக்கிறது. அதன் வயிற்றுக்குள் காற்றுப் பை ஒன்று உண்டு. மீன் கழுவும்போது வெள்ளை பலூன் போல் வெளியே வருமே, அதுதான். மீனின் சதை ஏறக்குறைய தண்ணீரைப் போன்றது, ஒலி அதை ஊடுருவிப் போய்விடும். காற்றுப் பை மட்டும் ஒலி பட்டால் நன்றாக அதிரும். கெண்டை, கெளுத்தி வகைகளில் குட்டிக் குட்டி எலும்புகள் வரிசையாக நின்று அந்த அதிர்வை உள்காது வரைக்கும் கொண்டு சேர்க்கின்றன. விராலுக்கும் ஜிலேபிக்கும் இந்த எலும்பு வரிசை கிடையாது. ஆகவே கெண்டைக்குத் தூண்டில் போடும்போது கொஞ்சம் மெதுவாகப் பேசுவது நல்லதுதான். பெரியவர்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது.

மீனின் பக்கவாட்டில், செவுள் பக்கத்திலிருந்து வால் வரை மெல்லிய கோடு ஒன்று ஓடும். அடுத்த முறை மீன் வாங்கி வந்தால் செதில் உரிப்பதற்கு முன்பு பாருங்கள். அது நுண்ணிய துளைகளின் வரிசை. பக்கத்தில் தண்ணீர் லேசாக அசைந்தாலும் அந்தத் துளைகளுக்குள் இருக்கும் உணர் செல்கள் அதை அறிந்துகொள்ளும். கலங்கல் தண்ணீரிலும் இருட்டிலும் மீன் பாறையில் முட்டிக்கொள்ளாததற்கு இதுவும் ஒரு காரணம். புழு நெளிவதையும் இதை வைத்தே கண்டுபிடிக்கும். நீங்கள் கணுக்கால் தண்ணீரில் இறங்கிச் சளசளவென்று நடந்தால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அடுத்தது கண். மீன் தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்த்தால், கிணற்றுக்குள் உட்கார்ந்து வானம் பார்ப்பது போலத்தான். தலைக்கு மேல் ஒரு வட்டம் மட்டும் திறந்திருக்கும். 1 மீட்டர் ஆழத்தில் இருக்கும் மீனுக்கு அந்த வட்டத்தின் அகலம் சுமார் இரண்டேகால் மீட்டர். வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடியாகி, ஆற்றின் அடித்தரையையே திருப்பிக் காட்டும். ஒளி காற்றிலிருந்து தண்ணீருக்குள் நுழையும்போது வளைவதால் வரும் வேலை இது. கரை, மரம், ஆள், வானம் எல்லாமே அந்த ஒரு வட்டத்துக்குள் அடங்கியாக வேண்டும். தரையோடு தரையாக இருப்பவை விளிம்பில் நசுங்கிப்போகும். உயரமாக நிற்பவை உள்ளே நன்றாகத் தெரியும். குந்தி உட்கார்ந்தால் உங்களை மீன் கவனிப்பது கடினம். எழுந்து நின்று கையை ஆட்டினால் கொக்கு வந்துவிட்டது என்று நினைத்து ஓடும். காற்று வீசி அலை எழும்பினால் அந்த வட்டமே கலைந்துபோகும், உங்களுக்குக் கொண்டாட்டம்.

ஒளி நம்மையும் ஏமாற்றும். நேர் மேலிருந்து பார்க்கும்போது 4 அடி ஆழத்தில் இருக்கும் மீன் 3 அடியில் இருப்பதாகத் தெரியும். வீட்டில் சோதித்துப் பாருங்கள். ஒரு கிண்ணத்தில் ஒரு ரூபாய்க் காசைப் போடுங்கள். விளிம்பு காசை மறைக்கும் வரை தலையைப் பின்னால் இழுத்து அப்படியே இருங்கள். இப்போது தங்கச்சியை மெதுவாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். நீங்களும் அசையவில்லை, காசும் அசையவில்லை, ஆனாலும் காசு மேலே எழும்பி வந்து தெரியும். தக்கையைத் தங்கூசியில் எந்த உயரத்தில் கட்டுவது என்று கண்ணால் மட்டும் அளந்தால் புழு மீனுக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருக்கும். ஈயக் குண்டைக் கட்டி இறக்கி ஆழம் பார்த்துவிட்டுக் கட்டுகிறார்களே, அவர்களே கெட்டிக்காரர்கள்.

இனி மூக்கு. மீனின் மூக்குத் துளை மூச்சு விடுவதற்கு இல்லை, மோப்பத்துக்கு மட்டுமே. கெளுத்தியின் மீசை முழுக்கச் சுவை மொட்டுகள் இருக்கின்றன. சேற்றைத் தடவிக்கொண்டு போகும்போதே அது ருசி பார்த்துவிடுகிறது. சோப்புப் போட்ட கையோடும் கொசுத் தைலம் தடவிய கையோடும் புழு கோர்க்காதீர்கள். ஆற்று மண்ணை அள்ளிக் கையைத் தேய்த்துக் கழுவிக்கொள்ளுங்கள்.

மோப்பத்தில் இன்னொரு அதிசயமும் உண்டு. அதைக் கவனித்தவரும் அதே ஃபான் ஃபிரிஷ்தான். 1938-இல் அவர் கண்டது இது: கெண்டைக் குடும்பத்து மீன் ஒன்றின் தோல் கிழிந்தால் ஒரு பொருள் தண்ணீரில் கசிகிறது, அந்த வாடை பட்டதும் கூட்டத்து மீன்கள் சிதறி ஓடுகின்றன. பிடித்த கெண்டையைத் தூண்டில் போட்ட இடத்திலேயே அறுத்துக் கழுவினால், மற்ற மீன்களுக்கு நாமே தகவல் சொன்னதாகிவிடும். கொஞ்சம் தள்ளிப் போய்க் கழுவுங்கள்.

எந்த நேரத்தில் தூண்டில் போடலாம்? சித்திரை வெயிலில் உச்சிப்பொழுது ஆகாது. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டரில் 9 மில்லிகிராம் வரை கரையும். 30 டிகிரியில் சுமார் ஏழரைதான். மீன் ஆழத்துக்கும் நிழலுக்கும் போய்ச் சோம்பிக் கிடக்கும். பாசி மண்டிய குளத்தில் விடியற்காலையும் சில நாள் கைகொடுக்காது. பகலில் பிராணவாயு தருகிற பாசி, இரவெல்லாம் அதைச் சுவாசித்துத் தீர்த்துவிடும். விடியும்போது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அவை இரை கேட்கவில்லை, மூச்சுக்குத் திண்டாடுகின்றன. வெயில் தாழ்ந்த சாயங்காலம் குளத்துக்கு நல்லது. ஓடுகிற ஆறு அலைந்து அலைந்து காற்றைக் கலந்துகொள்வதால் அங்கே காலையிலும் பலன் உண்டு. விராலுக்கு மட்டும் இந்தக் கவலை குறைவு. மேலே வந்து காற்றையே விழுங்கி மூச்சு விடும் மீன் அது. தண்ணீர் அசையாமல் இருக்கும்போது ஓரிடத்தில் 'பளக்' என்று கேட்டால் அங்கே விரால் இருக்கலாம்.

அந்த இடத்தில் செக்கச்சிவந்த குஞ்சுகள் கூட்டமாகத் திரிந்தால் தூண்டிலை எடுத்துவிடுங்கள். கீழே தாய் தகப்பன் காவல் நிற்கும். அவற்றைப் பிடித்தால் கூட்டம் முழுவதும் அடுத்த மீனுக்கு இரையாகிவிடும். விரல் நீளக் குஞ்சு மாட்டினால் கையை நனைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றி விடுங்கள். வறண்ட கை, மீனின் மேல் இருக்கும் வழுவழுப்பை எடுத்துவிடும், பிறகு அதற்கு நோய் பிடிக்கும். அறுந்த தங்கூசியை ஒரு முழம்கூடக் கரையில் விடாதீர்கள், பறவைகளின் காலைச் சுற்றிக்கொள்ளும். கங்கைகொண்ட சோழபுரம் இருக்கும் அதே மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி பறவைகளின் சரணாலயம். 2024-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அங்கே தூண்டிலுக்கு வேலையில்லை, கண்ணுக்குத்தான் வேலை. மற்ற ஏரிகளில் மீன்பாசிக் குத்தகை எடுத்தவரிடம் கேட்டுக்கொண்டு உட்காருங்கள்.

இன்னொன்று, இதில் விளையாட்டே கூடாது. கொள்ளிடத்தில் முதலைகள் உண்டு, அணைக்கரைப் பக்கத்தில் நிச்சயம் உண்டு. மணல் அள்ளிய பள்ளங்கள் வெளியே தெரியாது. மதகு திறந்தால் சற்று நேரத்தில் நீர் ஏறிவிடும். பெரியவர் துணை இல்லாமல் போகாதீர்கள். தண்ணீரில் இறங்காதீர்கள். இருட்டியபின் கரையை விட்டு ஏறிக் கொட்டகைக்கு வந்துவிடுங்கள்.

போகும்போது ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டிலும் ஒரே புழு, ஒரே ஆழம் வையுங்கள். முதல் இடத்தில் தரையதிர நடந்து வந்து, நின்றுகொண்டே அரை மணி நேரம். இரண்டாவது இடத்தில் பூனை நடை நடந்து வந்து, குந்தியபடி, ஆனால் பேசிக்கொண்டே அரை மணி நேரம். எங்கே எத்தனை முறை தக்கை முங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் கணக்கு போதாது. அடுத்த லீவில் இடத்தை மாற்றி மறுபடியும் செய்யுங்கள். நாலைந்து முறை எண்ணி முடித்தபின், அதட்டிய பெரியவரிடம் நோட்டைக் காட்டுங்கள். அதுவரைக்கும் சும்மா உட்காருங்கள். இல்லையென்றால் அடுத்த வாரம் கூட்டிக்கொண்டு போக மாட்டார்!