மேல் உணவுப்பாதைக் குருதிப்பெருக்கு

மேல் உணவுப்பாதைக் குருதிப்பெருக்கு என்பது உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் ஆகிய உறுப்புகளுள் ஏதேனும் ஒன்றில் ஏற்படும் குருதிக் கசிவைக் குறிக்கும். முன்சிறுகுடல் முடிந்து நடுச்சிறுகுடல் தொடங்கும் இடத்திலுள்ள திரெய்ட்சு தசைநார் இதன் எல்லையாகக் கொள்ளப்படுகிறது. இது ஒரு தனி நோய் அன்று. பல நோய்களின் விளைவாகும். உயிருக்கு ஊறு விளைவிக்கக்கூடிய மருத்துவ அவசர நிலைகளுள் இதுவும் ஒன்று.

அறிகுறிகள்

குருதி வாந்தி முதன்மையான அறிகுறியாகும். கசிவு விரைவாக இருந்தால் வாந்தி சிவப்பாக இருக்கும். குருதி இரைப்பையில் சிறிது நேரம் தங்கினால் அமிலத்தால் மாற்றமடைந்து, காப்பித்தூளைக் கரைத்தது போன்ற பழுப்பு நிறத்தில் வெளியேறும். குடல் வழியே செல்லும் குருதி செரிமானமடைந்து மலத்தைக் கருமையாக்கும். இம்மலம் தார் போல ஒட்டும் தன்மையும் கடும் நாற்றமும் உடையது. ஏறத்தாழ 50 முதல் 100 மில்லிலிட்டர் குருதி கசிந்தாலே மலம் கருமையடையலாம். இரும்புச்சத்து மாத்திரைகளும் மலத்தைக் கருமையாக்கும். ஆனால் அப்போது தார் போன்ற ஒட்டும் தன்மை பொதுவாக இருப்பதில்லை.

தலைச்சுற்றல், மயக்கம், குளிர்ந்த வியர்வை, விரைந்த நாடித்துடிப்பு ஆகியவை மிகுதியான இழப்பைக் காட்டுகின்றன. குருதிப்பெருக்கின் தொடக்கத்தில் குருதிப் பரிசோதனையில் ஈமோகுளோபின் அளவு இயல்பாகவே இருக்கக்கூடும். அணுக்களும் நீர்மமும் ஒரே விகிதத்தில் இழக்கப்படுவதே இதற்குக் காரணம். ஆகவே முதல் பரிசோதனை முடிவை மட்டும் கொண்டு ஆபத்து இல்லை என முடிவு செய்ய இயலாது.

காரணங்கள்

- இரைப்பைப் புண், முன்சிறுகுடற் புண்: உலக அளவில் மிகுதியாகக் காணப்படும் காரணம். புண் ஆழமாகி அடியிலுள்ள தமனியை அரிக்கும்போது குருதி பெருகும்.
- நாளப்புடைப்பு: கல்லீரல் இழைநார் வளர்ச்சியால் ஈரல்வாயில் சிரையில் அழுத்தம் கூடும். இதனால் உணவுக்குழாயின் அடிப்பகுதியிலும் இரைப்பையிலும் உள்ள சிரைகள் புடைத்து வெடிக்கின்றன. நீண்டகால மதுப்பழக்கம், ஈரல் அழற்சி பி, ஈரல் அழற்சி சி, கொழுப்பு ஈரல் நோய் ஆகியவை இதற்கு வழிவகுக்கும். இந்திய மருத்துவமனைகள் சிலவற்றில் இதுவே முதலிடம் பெறுகிறது.
- மலோரி-வைசு கிழிசல்: கடுமையான தொடர் வாந்தியால் உணவுக்குழாய் இரைப்பையுடன் சேருமிடத்தில் உண்டாகும் கிழிசல்.
- இரைப்பை அழற்சி, உணவுக்குழாய் அழற்சி, புற்றுநோய், பிறழ்வான குருதிக்குழாய்கள்.

புண் தோன்றும் முறை

இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து சளிப்படலமும் பைகார்பனேட்டும் காக்கின்றன. இப்பாதுகாப்பைப் பேணுவதில் புராசுடாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள்களுக்குப் பங்குண்டு. ஆசுப்பிரின், டைக்குளோஃபீனாக், ஐபுபுரோஃபென் போன்ற வலிநீக்கிகள் புராசுடாகிளாண்டின் உற்பத்தியைத் தடுப்பதால் சுவர் பாதுகாப்பை இழக்கிறது. ஊசியாகச் செலுத்தினாலும் இவ்விளைவு ஏற்படும் என்பதால், வயிற்றுக்குள் செல்லாத மருந்து வயிற்றைப் பாதிக்காது எனக் கருதுவது தவறு.

மற்றொரு முதன்மைக் காரணம் எலிக்கோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா. ஆத்திரேலியாவின் பேர்த் நகரில் பாரி மார்சல், ராபின் வாரன் ஆகியோர் 1982இல் இதனை வளர்த்துக் கண்டறிந்தனர். இதற்காக 2005இல் அவர்களுக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. காரமான உணவும் மனக்கவலையுமே புண்ணுக்கு அடிப்படை என்ற பழைய கருத்து இதனால் மாறியது.

தென்னிந்தியாவில்

முன்சிறுகுடற் புண் தென்னிந்தியாவில் நெடுங்காலமாக மிகுதியாகக் காணப்பட்ட நோயாகும். அக்காலத்தில் திருவிதாங்கூரிலும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் அடங்கும் நெய்யூர் மருத்துவமனை இந்நோய்க்கான அறுவை மருத்துவத்தில் பெயர் பெற்றது. 1922, 1924 எவரெசுட்டுப் பயணங்களில் பங்கேற்ற ஓவர்டு சோமர்வெல் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர் இங்குப் பல ஆண்டுகள் பணியாற்றினார். இரைப்பையைச் சிறுகுடலுடன் இணைக்கும் அறுவையைப் பெருமளவில் செய்த அவர், பின்னர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் கற்பித்தார். தென்னிந்திய நோயாளிகளிடம் புண் வடுவாகி உணவு செல்லும் வழி குறுகுதல் மிகுதியாகவும், குருதிப்பெருக்கு ஒப்பீட்டளவில் குறைவாகவும் காணப்பட்டன. அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளும் பாக்டீரியாவை ஒழிக்கும் மருந்துகளும் வந்தபின் இவ்வறுவைகளின் தேவை பெரிதும் குறைந்துவிட்டது.

மருத்துவம்

முதற்பணி நோயாளியின் மூச்சுவழியையும் குருதியோட்டத்தையும் காப்பதாகும். சிரை வழியே நீர்மம் செலுத்தப்படும். பெரும்பாலோருக்கு ஈமோகுளோபின் டெசிலிட்டருக்கு 7 கிராமுக்குக் கீழ் குறையும்போது குருதி ஏற்றப்படுகிறது. இதய நோயாளிகளுக்கு இவ்வரம்பு சற்றுக் கூடுதல். தேவைக்கு மேல் குருதி ஏற்றுவது நன்மை தராது என்பது 2013இல் வெளியான ஆய்வு ஒன்றால் தெளிவாயிற்று. நாளப்புடைப்பு உள்ளோரில் அது சிரை அழுத்தத்தைக் கூட்டி மீண்டும் குருதி பெருகச் செய்யலாம்.

எண்டோசுகோப்பி எனப்படும் அகநோக்கிச் சோதனை பொதுவாக 24 மணி நேரத்துக்குள் செய்யப்படுகிறது. இதனால் கசியும் இடத்தைக் காண்பதுடன் அங்கேயே மருத்துவமும் செய்ய இயலும்.

- புண்: அட்ரினலின் ஊசியுடன் வெப்பத்தால் தீய்த்தல் அல்லது கவ்வி பொருத்துதல். பின்னர் பான்டொபிரசோல் போன்ற அமிலத் தடுப்பு மருந்து உயர் அளவில் தரப்படும். பாக்டீரியா இருப்பின் அதனை ஒழிக்கக் கூட்டு மருந்துகள் தரப்படும்.
- நாளப்புடைப்பு: டெர்லிபிரெசின் அல்லது ஆக்டிரியோடைடு, நுண்ணுயிர் எதிர்ப்பி ஆகியவற்றுடன் புடைத்த சிரைக்கு இரப்பர் வளையமிடுதல். இரைப்பையிலுள்ள புடைப்புக்குப் பசை ஊசி பயன்படுகிறது.

இவற்றால் நிற்காவிடில் தமனியை உள்ளிருந்து அடைத்தல், ஈரலினூடே மாற்றுவழி அமைத்தல், அறுவை ஆகியன மேற்கொள்ளப்படும். உறைந்த குருதி கரைவதைத் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலம் இந்நோயில் இறப்பைக் குறைக்கவில்லை என்பதை, 12,009 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2020இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது.

மருத்துவமனையை அடைதல்

குருதி வாந்தியோ தார் போன்ற மலமோ கண்டால் வீட்டு மருத்துவத்தில் காலம் கடத்தலாகாது. மாமல்லபுரம் போன்ற கடற்கரை ஊர்களில் உள்ளோருக்கு, குருதி ஏற்றும் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குச் செல்லும் பயண நேரமும் கணக்கில் கொள்ள வேண்டியதாகும். 1965இல் தொடங்கப்பட்ட செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், திருக்கழுக்குன்றம் வழியாக அமைந்துள்ளது. தமிழகத்தில் 108 என்னும் எண்ணில் அவசர ஊர்தியைக் கட்டணமின்றி அழைக்கலாம். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்தால் வாந்தி மூச்சுக்குழாயில் புகுவது தடுக்கப்படும். உணவோ நீரோ தரலாகாது. அவர் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் உடன் கொண்டு செல்வது மருத்துவருக்கு உதவும்.

தடுப்பு

- மூட்டுவலி, முதுகுவலி போன்றவற்றுக்கு வலிநீக்கிகளை மருத்துவர் அறிவுரையின்றித் தொடர்ந்து உண்ணாதிருத்தல். தொடர்ந்து தேவைப்படுவோர் அமிலத் தடுப்பு மருந்தைச் சேர்த்து உட்கொள்ள வேண்டுமா எனக் கேட்டறிதல்.
- இதய நோய்க்காக ஆசுப்பிரின் உண்போர் அதனைத் தாமாக நிறுத்தாதிருத்தல்.
- மதுவையும் புகையிலையையும் தவிர்த்தல். ஈரல் அழற்சி பி தடுப்பூசி பெறுதல்.
- ஈரல் இழைநார் வளர்ச்சி உள்ளோர் நாளப்புடைப்பு உள்ளதா எனச் சோதித்தல். தேவைப்படின் புரோபிரனோலால் போன்ற மருந்து அல்லது வளையமிடுதல் மூலம் முதல் குருதிப்பெருக்கையே தடுக்கலாம்.