குப்பை லாரி வருவதற்குள்...!

தண்ணீர் பாட்டில், அட்டைப் பெட்டி, எழுதி முடித்த நோட்டு, தகர டப்பா இவையெல்லாம் குப்பையா, காசா? இதற்கு விடை தெரிய, தென் ஆப்ரிக்காவின் ஜோகனஸ்பர்க் நகருக்குப் போவோமா?

அங்கு, ஒவ்வொரு பகுதிக்கும் வாரத்தில் ஒரு நாள் குப்பை லாரி வரும். அன்று, சக்கரம் வைத்த தொட்டியை வாசலில் வைத்து விடுவர் வீட்டுக்காரர்கள். லாரிக்கு முன்பே, விடியற்காலையில் சிலர் வந்து விடுகின்றனர். ஆள் உயர சாக்குப் பை கட்டிய இழுவண்டிதான் அவர்கள் சொத்து. தொட்டியைக் கிளறி, பிளாஸ்டிக், காகிதம், தகரம் எனப் பிரித்து எடுப்பர். பல கி.மீ., தூரம் இழுத்துச் சென்று எடைக்குப் போடுவர். கிலோவுக்கு இவ்வளவு என, காசு கிடைக்கும்.

அந்த நாட்டில் மறுசுழற்சிக்காகச் சேரும் பழைய காகிதம், பேக்கிங் பொருட்களில், 80 முதல் 90 சதவீதம் வரை இவர்கள் சேகரித்தவையே என்கிறது, 2016ல் வெளியான ஓர் ஆய்வு. ஆனாலும், இவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது!

இந்த வேலை தனியார் நிறுவனங்களின் கைக்குப் போனால், வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்வது? அந்த அச்சத்தில், 2018ல் ஒன்று திரண்டு, ஊர்வலம் போயினர். 'ஆப்ரிக்கன் ரீகிளைமர்ஸ் ஆர்கனைசேஷன்' என்ற அமைப்பும் உருவானது. 'ரீகிளைமர்' என்றால், மீட்பவர் என்று பொருள். 'குப்பை பொறுக்குபவர்' என்ற பெயரை விட, இந்தப் பெயரே அவர்களுக்குப் பிடிக்கும். வீணாகப் போவதை மீட்பவர்கள் தானே!

போர்டோ என்ற பகுதியில், இந்த அமைப்பினர் வீட்டுக்காரர்களிடம் பேசினர். மக்களும், மறுசுழற்சிப் பொருட்களைத் தனிப் பையில் போட்டுத் தரத் துவங்கினர். இதில் என்ன லாபம்? உணவு கொட்டி நனைந்த காகிதம் எதற்கும் ஆகாது. தனியே வைத்தால் விலை போகும். உடைந்த கண்ணாடியும் கையைக் கிழிக்காது.

பேக்கிங் பொருட்களை விற்பனைக்கு விடும் நிறுவனங்கள், இவர்களுக்குச் சேவைக் கட்டணம் தர வேண்டும் என்ற விதி, அந்நாட்டில் 2021ல் நடைமுறைக்கு வந்தது. விதி வந்தால் மட்டும் போதுமா? பணம் எல்லார் கைக்கும் போய்ச் சேர வேண்டுமே! அதற்காக, இன்னும் குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது.

செல்லங்களே... குப்பைக்கும் காசுக்கும் இடையில் இருப்பது, பிரித்து வைக்கும் ஒரு பை தான். அடுத்த முறை தொட்டியின் மூடியைத் திறக்கும்போது, அதில் கை விடப் போகும் மனிதரை ஒரு நொடி நினைத்துக் கொள்வீர்கள் தானே!