சிவப்புப் பிளக் யார் கையில்?

பத்து அங்குலப் புரொப்பல்லர் நிமிடத்துக்கு 9,000 சுற்று சுற்றினால், அதன் நுனி மணிக்கு சுமார் 430 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஒரு கிலோகூட எடை இல்லாத தெர்மாகோல் விமானத்திலும் கணக்கு இதுதான். “பொம்மை விமானம்தானே?” என்று கேட்பவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன். இன்னொன்றும் சொல்வேன்: எண்ணெயில் ஓடும் சிறு என்ஜினைச் சுழற்றிக் கிளப்ப வேண்டும். மின்மோட்டாருக்கு அந்தச் சிரமம் இல்லை. பேட்டரி இணைந்த கணத்திலிருந்து அது கட்டளைக்குக் காத்திருக்கிறது. அந்தக் கட்டளை, சட்டைப்பையோ தோள்பட்டை வாரோ ரிமோட்டின் குச்சியில் உரசியும் போய்விடலாம்.

நான் நாமக்கல்லில் லாரிகளுக்கு வயரிங் செய்பவன். ஓய்வு கிடைக்கும்போது நண்பர்களோடு கொல்லிமலைக்கு விமானம் பறக்கவிடப் போவேன். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பேட்டரிகளை அவற்றின் முனைகளுக்கு மூடி போட்டு, ஸ்பானர், ஸ்க்ரூடிரைவர் படாத தனிப் பெட்டியில்தான் ஏற்றுவோம். வளைவுகளில் உருண்டு ஒரு இரும்புத் துண்டு இரண்டு முனையையும் தொட்டால் போதும், காருக்குள் தீ. மேலே செம்மேடு தாண்டி, நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு, அறுவடை முடிந்த சாமைக்காட்டில் பறக்கவிடுவோம். கார் சாலையோடு நின்றுவிடும். அங்கிருந்து பூட்டி முடித்த விமானத்தைக் கையில் ஏந்தி வரப்பில் நடக்க வேண்டும். கூடவே ஊர்ப் பிள்ளைகள் ஓடி வருவார்கள். அந்த நடையில் மோட்டார் உயிரோடு இருக்கவே கூடாது.

அப்படியானால் ஒரு ஸ்விட்ச் வைத்தால் என்ன? எல்லோரும் கேட்பது இது. பதிலை ஆம்பியரிலிருந்து தொடங்க வேண்டும்.

லாரியில் செல்ஃப் அடிக்கும்போது சில நூறு ஆம்பியர் பாயும், ஆனால் சில வினாடிகள்தான். நடுத்தர மாடல் விமானத்தில் 40, 50 ஆம்பியர் நிமிடக்கணக்கில் ஓடும். ஸ்விட்சின் தொடுமுனையில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலும், 50 ஆம்பியரில் அங்கே 25 வாட் வெப்பம் உண்டாகும். 25 வாட் சால்டரிங் அயர்ன் அந்தச் சக்தியில்தான் ஈயத்தை உருக்குகிறது. கட்டைவிரல் அளவு ஸ்விட்ச் தாங்குமா?

வீட்டு ஸ்விட்சும் ஆகாது. வீட்டு மின்சாரம் மாறுதிசை மின்சாரம். வினாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுகிறது. ஸ்விட்ச் பிரியும்போது எழும் தீப்பொறி அங்கேயே அணைந்துவிடும். பேட்டரியின் மின்சாரம் பூஜ்யத்துக்கு வருவதே இல்லை. வோல்ட் ஏற ஏற, முனைகள் பிரிந்த பிறகும் தீப்பொறி இடைவெளியைத் தாண்டி நிற்கப் பார்க்கும்.

இணைக்கும்போது வேறொரு சிக்கல். மோட்டாரை ஆளும் ஸ்பீடு கன்ட்ரோலரின் வாசலில் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. காலியான கெப்பாசிட்டர் பேட்டரியைத் தொட்ட கணம் கண்ணிமைக்கும் நேரத்துக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரை இழுக்கிறது. ‘டப்’ என்று கேட்கும் ஸ்பார்க் அதுதான். பிளக்கின் தங்க முலாம் கருகும். சிறு ஸ்விட்சாக இருந்தால் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். ரிலே இப்படி ஒட்டிப்போன லாரிகள் என் பட்டறைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. வெளியே ‘ஆஃப்’ காட்டும், உள்ளே மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்.

மாஸ்ஃபெட் வைத்த எலெக்ட்ரானிக் ஸ்விட்சுகள் விற்கின்றன. தடை மிகக் குறைவு, ஸ்பார்க்கும் இல்லை. ஆனால் மாஸ்ஃபெட் கெடும்போது பெரும்பாலும் இணைந்த நிலையில்தான் கெடுகிறது. கையில் ஏந்தும் விமானத்துக்கு அதை மட்டும் நம்ப மாட்டேன். இதற்கு நேரெதிரான தேவையும் உண்டு. பல மாடல்களில் இறக்கையின் மடலை அசைக்கும் சர்வோவுக்கும் ரிசீவருக்கும் அதே பேட்டரியிலிருந்துதான் மின்சாரம் போகிறது. ஆகாயத்தில் ஸ்விட்ச் அதிர்ந்து பிரிந்தால் விமானமே கைவிட்டுப் போகும். தரையில் தவறியும் இணையக் கூடாது. வானில் தவறியும் பிரியக் கூடாது.

இரண்டுக்கும் பொருந்துவது ஒரு பிளக். பேட்டரியிலிருந்து கன்ட்ரோலருக்குப் போகும் சிவப்பு வயரை நடுவில் வெட்டி, இரு முனைகளையும் விமானத்தின் பக்கவாட்டில் ஒரு சாக்கெட்டில் கொண்டுவந்து வைக்கிறோம். புரொப்பல்லருக்குத் தள்ளி, கை சுழற்சிக்குக் குறுக்கே போகாத இடமாக இருக்க வேண்டும். சாக்கெட்டின் உலோகம் உள்ளே புதைந்திருக்க வேண்டும். இரு ஊசிகளையும் தடித்த வயரால் இணைத்த சிவப்புப் பிளக் ஒன்றைச் செருகினால் சுற்று முழுமையாகும், பிடுங்கினால் அறுபடும். வயரைத் தேவைக்கு மேல் நீட்டக் கூடாது. நீண்ட வயர் கெப்பாசிட்டரைச் சூடாக்கிக் கொல்லும்.

இதை எங்கள் லைன்மேன்களிடம் பார்த்திருக்கிறேன். பழுது பார்க்கக் கம்பம் ஏறுமுன் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கித் தங்களோடு வைத்துக்கொள்வார்கள். கீழே யாரும் தெரியாமல் மின்சாரம் கொடுத்துவிட முடியாது. எங்கள் விமானத்திலும் அதே நியாயம்தான். சாக்கெட் காலியாக இருப்பது தூரத்திலிருந்தே தெரிகிறது; பிளக் யார் பையில் இருக்கிறதோ, அவர் சம்மதமின்றி மோட்டார் சுற்றாது.

வரிசை மாறக் கூடாது. முதலில் ரிமோட். த்ராட்டில் அடியில் இருக்கிறதா என்று பார்ப்பது. பிறகு உள்ளே பேட்டரியை இணைத்து மூடுவது. பறக்கவிடும் இடத்தில் விமானத்தை ஒருவர் பிடித்துக்கொள்ள, புரொப்பல்லருக்குப் பின்னால் நின்று கடைசியாகச் சிவப்புப் பிளக். இறங்கியதும் முதலில் பிடுங்குவது அதைத்தான். வீட்டு மேசையில் சோதிக்கும்போது புரொப்பல்லரைக் கழற்றிவிட வேண்டும்.

ஆறு செல் பேட்டரிக்கு முழுச் சார்ஜில் 25.2 வோல்ட். அங்கே எக்ஸ்டி90-எஸ் போன்ற ஸ்பார்க் தடுக்கும் பிளக் வேண்டும். உள்ளே சுமார் 5.6 ஓம் தடை இருக்கிறது. செருகும்போது முதலில் அதுதான் தொடுகிறது. பாய்ச்சல் நாலரை ஆம்பியருக்குள் அடங்குகிறது. கெப்பாசிட்டர் நிரம்பிய பின் முழு முனை சேர்கிறது. பாதி செருகி விடக் கூடாது. தடை எரிந்துபோகும்.

மலைக்கென்று இரண்டு எச்சரிக்கைகள். 1,200 மீட்டர் உயரத்தில் காற்று சமவெளியைவிடப் பத்தில் ஒரு பங்கு மெலிவு. உந்துவிசை போதவில்லை என்று மேலே பெரிய புரொப்பல்லர் மாட்டுபவர்கள், அதையே நாமக்கல்லில் சுற்றினால் ஆம்பியர் எகிறும். இன்னொன்று, மூடுபனி நாளில் பிளக்கைத் துடைத்துக் காயவைத்தே செருக வேண்டும்.

1957 ஜூன் 30 அன்று இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் ‘ரேடியோ குயின்’ என்ற மாடலை வெள்ளி-துத்தநாக பேட்டரியில் பறக்கவிட்டார். மின்சாரத்தில், ரேடியோ கட்டுப்பாட்டில் பறந்ததாக அதிகாரபூர்வமாகப் பதிவான முதல் பறப்பு அது. அன்று ஒரு சிலரின் பொழுதுபோக்கு. இன்று அப்படியில்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் ‘தக்‌ஷா’ குழு 2018இல் ஆஸ்திரேலியாவில் நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் ட்ரோன் போட்டியில் இரண்டாமிடம் பெற்றிருக்கிறது. 2023இல் ஒப்புதல் பெற்ற ‘நமோ ட்ரோன் தீதி’ திட்டம் 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன் தர இலக்கு வைத்தது. அத்தகைய ட்ரோன்கள் பலவற்றில் இரண்டு ஆறு செல் பேட்டரிகள் தொடராக இணைந்து, முழுச் சார்ஜில் 50.4 வோல்ட் தருகின்றன. வயலோரம் நின்று நாளெல்லாம் பேட்டரி மாற்றப்போவது அந்தப் பெண்கள்தான்.

அவர்களுக்குப் பயிற்சி தருபவர்கள், பறக்கவிடுவதற்கு முன் மின்சாரத்தைப் பிரிப்பதைக் கற்றுத்தர வேண்டும். பிள்ளைக்கு மாடல் வாங்கித் தரும் பெற்றோரே, எவ்வளவு உயரம் போகும் என்று கேட்பதற்கு முன், “இதன் மோட்டார் இணைப்பை வெளியிலிருந்தே பிடுங்க முடியுமா?” என்று கேளுங்கள். முடியாது என்றால், அந்தச் சாக்கெட்டை வைத்த பிறகு பறக்கவிடுங்கள். ஒரு ஜோடி கனெக்டர், ஒரு சாண் வயர், கொஞ்சம் ஈயம். ஒரு மாலை நேர வேலை. பிள்ளையின் விரல்களுக்காக அந்த ஒரு மாலையைக் கொடுங்கள்.